காணாமல் போன கணக்கர்: எங்கள் பகடைக் கதையாட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானலில் நாங்கள் சிலர் சேர்ந்து ஆடும் கதையாட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், உள்ளே வராமல் வாசலில் நின்றே பார்க்கிறவர்கள், பிள்ளையை அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோர்கள், எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கதையை நடத்துகிறவன் என்பதால் பதில் சொல்வது என் தலையில் விழுகிறது. ஒவ்வொரு முறையும் டீ ஆறிப்போவதால் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாக்கிலேயே விட்டிருக்கிறேன்.

அண்ணா, இது என்ன ஆட்டம்? போர்டும் இல்ல, காயும் இல்ல, சும்மா உக்காந்து பேசிக்கிட்டே இருக்கீங்க?

பேசுவதுதான் ஆட்டம். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவோம். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "மழையில் நனைந்துகொண்டு சத்திரத்து வாசலுக்கு வருகிறீர்கள். உள்ளே விளக்கு எரிகிறது. ஆனால் கதவு தாழிட்டிருக்கிறது" என்று நான் சொன்னால், தட்டுவதா, பின்பக்கமாகச் சுற்றிப் போவதா, ஓட்டைப் பிரிப்பதா என்று நீங்கள் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகமான காரியத்துக்கு மட்டும் பகடை உருட்டுவோம். கதவைத் தட்டுவதற்கு யாரும் பகடை உருட்ட வேண்டாம்.

இதற்கு மூலம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி 1974-ல் வெளிவந்த ஆட்டம். நாங்கள் ஆடுவது அதன் ஐந்தாம் பதிப்பை, 2014-ல் வந்த விதிகளோடு. அந்தப் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். அதனால் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட்டுவிட்டால் தமிழில் மாற்றிப் பகிரவும் தடையில்லை.

காசு வச்சு ஆடுறதா?

இல்லை. இதில் ஜெயித்தவர், தோற்றவர் என்றே யாரும் கிடையாது. செலவு என்று பார்த்தால் டீயும் பஜ்ஜியும்தான்.

எங்கம்மா இது பில்லி சூனியம் மாதிரி ஏதாவதான்னு கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?

அம்மாவையே ஒரு நாள் கூட்டிக்கொண்டு வாருங்கள். பத்து நிமிடம் பார்த்தால் போதும், எங்களுக்கு வேறு வேலை இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவார். இந்தப் பயம் நம் ஊரில் மட்டும் வந்ததல்ல. 1980-களில் அமெரிக்காவிலேயே இதைச் சாத்தான் வழிபாடு என்று சொல்லிப் பெரிய பிரசாரம் நடந்தது. இங்கே மந்திரம் என்பது தாளில் உள்ள ஒரு குறிப்பு: எத்தனை அடி தூரம் வேலை செய்யும், எவ்வளவு நேரம் நிற்கும், ஒரு நாளைக்கு எத்தனை முறை போடலாம். சின்ன வயதில் ராஜா, ராணி, போலீஸ், திருடன் என்று சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு ஆடினோமே, அதில் திருடன் சீட்டு வந்தவன் நிஜத் திருடன் ஆகிவிடவில்லை.

இருபது முகப் பகடை எங்க கிடைக்கும்? வீட்ல தாயக்கட்டைதான் இருக்கு.

முழு செட் என்றால் ஏழு பகடை. 4, 6, 8, 12, 20 முகங்களில் ஒவ்வொன்று, 10 முகத்தில் இரண்டு. இணையத்தில் வாங்கலாம், போனில் செயலியும் உண்டு. முதல் நாளே வாங்க வேண்டிய அவசியமில்லை.

தாயக்கட்டையும் உதவும். ஒரு கட்டையில் நான்கு பக்கம்: வெறும் பக்கம், ஒன்று, இரண்டு, மூன்று. வந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொண்டால் நாலு முகப் பகடை தயார். இருபதுக்குத் திருவுளச்சீட்டுதான் வழி. 1 முதல் 20 வரை எழுதிச் சுருட்டி டம்ளரில் போட்டு ஒன்றை எடுங்கள். எடுத்ததைத் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். போடாமல் விட்டால் கடைசியில் என்ன சீட்டு மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் போட்டு ஆடுகிற ஆட்கள் எங்கள் மேசையிலேயே இருக்கிறார்கள்.

எனக்கு நடிக்கல்லாம் வராது, கூச்சம். இங்கிலீஷும் அவ்வளவா வராது. பரவாயில்லையா?

ஆட்டம் முழுக்கத் தமிழில்தான். ஒவ்வொரு பாத்திரத்தின் திறமைகளையும் குறித்து வைக்கும் பாத்திரத் தாளையும் தமிழில் அச்சடித்து வைத்திருக்கிறோம். குரலை மாற்றிப் பேசி நடிக்கிறவர்கள் உண்டு. "என் ஆள் அந்தக் காவல்காரனிடம் போய், உன் தளவாய் உனக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி வைத்திருக்கிறாரே என்று நைசாகச் சொல்கிறான்" என்று ஒரு வரியில் முடிப்பவர்களும் உண்டு. இரண்டாமவருக்கு நான் ஒரு மதிப்பெண்ணும் குறைப்பதில்லை. என்ன சொல்லி மடக்குகிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பேன். எப்படி ராகம் போட்டுச் சொன்னீர்கள் என்பது எனக்கு முக்கியமில்லை.

இப்ப போற கதை என்ன? முடிவச் சொல்லாம சொல்லுங்க.

மேல்மலை என்று ஒரு கற்பனைப் பாளையம். கீழே சமவெளியில் இருக்கும் பேரரசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை கப்பம் கட்ட வேண்டும். கப்ப மூட்டைகள் கோவேறு கழுதைகளில் மலையிறங்க மூன்று நாள் இருக்கும்போது பாளையத்தின் கணக்கர் காணாமல் போகிறார். அவரோடு கணக்குச் சுவடியும் காணோம். பாளையக்காரர் எழுந்திருக்க முடியாமல் படுக்கையில் கிடக்கிறார். படை தளவாயின் கையில். சமவெளியிலிருந்து வந்த சுங்க அதிகாரி சத்திரத்தில் உட்கார்ந்து நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார். பூண்டு வியாபாரிகள் யாருக்கோ பயந்து வாயைத் திறக்க மறுக்கிறார்கள்.

உங்கள் குழு வெளியூர்க் கூட்டம். பழைய சிப்பாய், வேட்டைக்காரி, ஒரு பூசாரி, தன்னைப் பூட்டு ரிப்பேர்க்காரன் என்று சொல்லிக்கொள்ளும் திருடன், தொலைதூரச் சுரங்க நாட்டிலிருந்து வந்த ஒரு குள்ளர் (இந்த ஆட்டத்தில் குள்ளர் என்பது மனிதரல்லாத ஓர் இனம்). பாளையக்காரரின் மகள் உங்களை ராத்திரியில் கூப்பிட்டு, கணக்கரைக் கண்டுபிடித்துத் தரச் சொல்கிறாள். உள்ளூர் ஆட்களை விட்டுவிட்டு உங்களை ஏன் கூப்பிட்டாள் என்று முதல் நாளே ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அதைக் கைவிட்டுவிடாதீர்கள்.

டியூக், பிரபு, பெரிய கல்கோட்டைன்னு வச்சிருந்தா ஸ்டைலா இருந்திருக்குமே? ஏன் பாளையம்?

அரசியல் சூழ்ச்சி உள்ள கதைக்கு ஒரு விஷயம் தெளிவாக வேண்டும்: யார் யாருக்குக் கடன்பட்டவர்? டியூக்கும் பாரனும் யாருக்கு என்ன கட்ட வேண்டும் என்று நம்மில் யாருக்கும் மனதில் பதிந்திருக்காது. பாளையப்பட்டு அப்படியல்ல, நம் பக்கத்துச் சரித்திரம். 16-ஆம் நூற்றாண்டில் மதுரையில் விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். பாளையக்காரர் வரி வசூலித்து மேலே ஒரு பங்கு கட்ட வேண்டும், கூப்பிட்டபோது படை அனுப்ப வேண்டும், ஊரைக் காவல் காக்க வேண்டும். அந்தக் காவலுக்கென்றும் மக்களிடம் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது கணக்கரை நினைத்துப் பாருங்கள். மலையில் எவ்வளவு வசூலானது, கீழே பேரரசுக்கு எவ்வளவு காட்டியது என்ற இரண்டு எண்ணும் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவர் வாயைத் திறந்தால் பாளையக்காரருக்கு ஆபத்து. திறக்காமலே இருந்தால் சுங்க அதிகாரிக்கு நஷ்டம். தளவாய்க்கோ அந்தச் சுவடி கையில் கிடைத்தால் போதும், இரண்டு பக்கத்தையும் ஆட்டி வைக்கலாம். ஒரு மனிதர் மறைந்ததும் ஊரில் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்குகிறது என்றால் அதுதான் நல்ல மர்மக் கதைக்கு மூலதனம்.

நம் மலையடிவாரத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1772-ல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டதும் அவர் மனைவி வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியோடு சிவகங்கையிலிருந்து மறைந்தார். அவருக்கு ஆதரவு கொடுத்தது விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர். சிவகங்கையின் பிரதானி, அதாவது அமைச்சர், தாண்டவராய பிள்ளை ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதிப் படை கேட்டார். 1780-ல் நாச்சியார் சிவகங்கையை மீட்டார். ஆர்க்காட்டு நவாபுக்கும் கம்பெனிக்கும் அவர் தப்பி ஓடிய ராணி. விருப்பாச்சிக்கு அவர் விருந்தாளி. எங்கள் ஆட்டத்துக்கு வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: காணாமல் போனவர் என்றதும் கடத்தப்பட்டவர் என்று முடிவு கட்டாதீர்கள். யார் கண்ணுக்குக் காணாமல் போனார் என்று கேளுங்கள்.

அப்ப மேல்மலைங்கிறது பூம்பாறையா, மன்னவனூரா? குணா குகை வருமா?

எந்த ஊரும் அப்படியே வராது. குகையும் வராது. அதைச் சுற்றுலாப் பயணிகளுக்கே விட்டுவிடுகிறேன். நான் இங்கிருந்து எடுத்துக்கொண்டது பனி, சரிவு, பாதை, பயிர். சாலை வருவதற்கு முன்னால் பெரியகுளம் பக்கமிருந்து நடந்தும் டோலியிலும்தான் மலையேறினார்கள். கதையிலும் அப்படித்தான். யார் ஏறினாலும் இறங்கினாலும் பாதையில் நாலு பேர் பார்த்திருப்பார்கள். துப்பு துலக்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஊர் அமையாது.

இரண்டு விஷயங்களைக் கொஞ்சம் உன்னிப்பாகக் கவனியுங்கள். ஒன்று, பூண்டு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மலைப்பூண்டைக் கட்டுக்கட்டாகப் புகையில் காயவைத்துத்தான் மாதக்கணக்கில் சேமிக்கிறார்கள். கதையிலும் வீடுதோறும் அடுப்புக்கு மேல் ஒரு புகைப் பரண் உண்டு. இன்னொன்று, குறிஞ்சி. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும். இங்கே 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. மேல்மலையில் நாள்காட்டி கிடையாது. பத்திரங்களில் "குறிஞ்சி பூத்து நாலாம் வருஷம்" என்றுதான் எழுதுவார்கள். ஒரு பத்திரத்தில் போட்ட வருஷமும் அதிலிருக்கும் சாட்சியின் வயதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கத் தோன்றினால் பார்த்துவிடுங்கள்.

எல்ஃப் எல்லாம் காட்டுல வாழுற இனம்தானே? பளியர்களை அப்படி வச்சா நல்லா இருக்குமே?

வைக்க மாட்டேன். பளியர்கள் இந்த மலையில் நமக்கு முன்பிருந்தே வாழ்கிறவர்கள். இன்று நம்மோடு அதே பஸ்ஸில் வருகிறவர்கள். எல்ஃப்களைப் போல அவர்களுக்குக் கூர்க்காது வரைந்து மாயமனிதர் ஆக்கினால் அது மரியாதையும் இல்லை, கற்பனையும் இல்லை. கதையில் தேன் எடுக்கிறவர்கள் வருகிறார்கள். மற்ற எல்லோரையும் போல அவர்களுக்கும் சொந்தக் கணக்கு உண்டு, சொந்தக் கோபம் உண்டு. வேற்றினப் பாத்திரம் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வரட்டும், குள்ளர் வந்தது போல.

சண்டையே வராதா?

வரும். ஆனால் ஊருக்குள் வாளை உருவினால் மறுநாள் சாவடியில் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். நீங்கள் எல்லோரும் முதல் நிலைப் பாத்திரங்கள், அதாவது ஆட ஆட ஏறும் படிகளில் முதல் படியில் இருப்பவர்கள். தளவாயின் ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் உங்களைப் படுக்க வைத்துவிடுவார்கள்.

பகடை சொதப்பிடுச்சுன்னா துப்பு போச்சா? அப்புறம் கதை எப்படி நகரும்?

அதிகமாக வரும் கேள்வி இது. முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 20 முகப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறமை எண்ணைக் கூட்ட வேண்டும். எளிய காரியத்துக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20 எட்ட வேண்டும். பாத்திரத் தாளில் புத்திக்கு 16 என்ற உயர்ந்த எண் உள்ள, தேடுவதில் பழக்கமும் உள்ள முதல் நிலைப் பாத்திரத்துக்கு 5 கூடும். அப்படிப்பட்ட கெட்டிக்காரருக்கே நடுத்தரக் காரியத்தில் வெற்றி வாய்ப்பு 55 சதவீதம்தான். முக்கியமான துப்பை இந்தப் பகடையிடம் ஒப்படைத்தால் பாதி நாள் கதை நடுத்தெருவில் படுத்துக்கொள்ளும்.

அதனால் எங்கள் மேசையில், சரியான இடத்தில் தேடினால் துப்பு கிடைத்தே தீரும். அதற்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்பதைத்தான் பகடை சொல்லும். கணக்கர் வீட்டில் நடந்தது இது. வேட்டைக்காரி பரண்மேல் ஏறித் தேடினார். பகடையில் 1. "ஒன்றும் இல்லை, இறங்கு" என்று சொல்லியிருந்தால் அன்றைய ஆட்டம் அதோடு முடிந்திருக்கும். ஓலைக்கட்டு அவர் கைக்கு அகப்பட்டது. ஆனால் அதை உருவியபோது மேலே தொங்கிய பூண்டுக் கட்டுகள் சரசரவென்று சரிந்து வெண்கலப் பானைமேல் விழுந்தன. பக்கத்து வீட்டில் விளக்கு ஏற்றும் சத்தம். கையில் துப்பு, வாசலில் ஆள். அடுத்த அரைமணி நேரம் மேசையில் யாரும் போனை எடுக்கவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. நீங்கள் கண்டுபிடித்தே ஆக வேண்டிய ஒவ்வொரு உண்மைக்கும் குறைந்தது மூன்று வழி வைப்பேன். உதாரணமாக, கணக்கர் தானாகத்தான் கிளம்பினார் என்ற உண்மைக்கு: கம்பளியும் ஊன்றுகோலும் வீட்டில் இல்லை, வைத்தியரிடம் பத்து நாளுக்கு மூட்டுவலித் தைலம் வாங்கியிருக்கிறார், கழுதைக்காரனுக்கு முன்பணம் போயிருக்கிறது. ஒன்றை நீங்கள் பார்க்காமலே போவீர்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள், மூன்றாவதில் பிடித்துவிடுவீர்கள். இவை மூன்றும் ஆட்டத்தில் வெளிவந்துவிட்டவை, அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன்.

நாலு பேரும் ஆளுக்கு ஒரு தடவை உருட்டிப் பாத்துடலாமே?

பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள காரியத்தை நாலு பேர் முயன்றால் யாராவது ஒருவர் ஜெயிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 94 சதவீதம். அப்புறம் பகடை எதற்கு? ஒருவர் உருட்டட்டும், இன்னொருவர் கைகொடுக்கட்டும். கைகொடுத்தால் இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன 55 சதவீதம் அதில் 80-ஐ நெருங்கும். ஆனால் எப்படிக் கைகொடுக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும். "நானும் கூட நிக்கிறேன்" செல்லாது.

பூசாரிக்கு உண்மை பேச வைக்கிற மந்திரம் இருக்கே. தளவாய் மேல போட்டா ரெண்டே நிமிஷத்துல கதை முடிஞ்சிடாது?

மூன்றாம் நிலைக்கு வந்ததும் பூசாரிக்கு அந்த மந்திரம் கிடைக்கும், பயன்படுத்துங்கள். நான் தடுக்க மாட்டேன். விதியை மட்டும் முழுசாகப் படித்துவிடுங்கள். 15 அடி ஆரத்துக்குள் இருப்பவர்கள்மேல், 10 நிமிடம் வேலை செய்யும். உள்ளே வந்தவர் ஒரு பகடை உருட்டித் தப்பிக்கப் பார்க்கலாம். தப்பிக்காதவர் தெரிந்தே பொய் சொல்ல முடியாது. ஆனால் மந்திரம் தன்மேல் இருப்பது அவருக்குத் தெரியும். பதில் சொல்லாமல் இருக்கலாம், சுற்றி வளைக்கலாம். "கணக்கரை நீங்கள் கொன்றீர்களா?" என்றால் "அவர் எனக்குத் தம்பி மாதிரி" என்று சொல்லிவிட்டு மீசையைத் தடவலாம். அரசியல்வாதிக்கு இதற்கு மந்திரப் பயிற்சியா வேண்டும்?

சபையில் எடுபடுமா என்பது வேறு விஷயம். மந்திரத்திலிருந்து யார் தப்பினார், யார் மாட்டினார் என்பது போட்டவருக்கு மட்டும்தான் தெரியும். ஆக, சபை நம்ப வேண்டியது உங்கள் பூசாரியின் வாயை. நேற்று மலையேறி வந்த வெளியூர்ப் பூசாரியின் வாய் பெரியதா, இருபது வருஷம் படை நடத்திய தளவாயின் வாய் பெரியதா? கேள்வி கேட்கும் முன்பே அவரைச் சந்தேகப்படுகிறீர்கள் என்று ஊருக்கே அறிவித்தும் ஆயிற்று. சிறிய ஆட்களிடம், தனி அறையில், ஆமாம் இல்லை என்று பதில் வரும் கேள்விகளோடு இதைப் பயன்படுத்துகிறவர்கள் நிறையப் பெறுகிறார்கள்.

சரி, பிணத்தோட பேசுற மந்திரம்? ஆளைத் தேடுற மந்திரம்?

பிணத்தோடு பேசுவது ஐந்தாம் நிலையில் வரும். ஐந்து கேள்விதான். பிணத்துக்கு வாய் இருக்க வேண்டும். உயிரோடு இருந்தபோது தெரிந்தது மட்டும்தான் அதற்குத் தெரியும். முதுகில் குத்துப்பட்டவருக்குக் குத்தியவர் முகம் தெரியாது. உங்களைப் பிடிக்காவிட்டால் அது உண்மை சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரு முறை கேட்டுவிட்டால் அதே பிணத்திடம் அடுத்த 10 நாளைக்குக் கேட்க முடியாது. கப்பம் இறங்க மூன்று நாள்தான் என்பதை நினைவில் வையுங்கள். அதற்கெல்லாம் முன்னால் ஒரு பிணம் வேண்டும். இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆளைத் தேடும் மந்திரம் ஏழாம் நிலையில்தான் வரும். 1000 அடிக்குள் இருந்தால் திசை காட்டும். ஆனால் 2014 விதிப்படி உங்களுக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் 10 அடி அகலத்துக்கு ஓடும் தண்ணீர் குறுக்கிட்டால் மந்திரம் செல்லாது. சமவெளியில் இது பெரிய விஷயமே இல்லை. நம் மலையில் மழைக்குப் பிறகு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓடை. இந்த விதியை எழுதியவர் வடகிழக்குப் பருவமழையில் இங்கே ஒரு வாரம் தங்கியிருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பெரிய மனுஷங்க எல்லாரும் பொய் சொல்றாங்க. யாரைத்தான் நம்புறது?

எல்லோரும் எல்லாவற்றிலும் பொய் சொல்வதில்லை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நான் மூன்று வரி எழுதி வைத்திருப்பேன்: இவருக்கு என்ன வேண்டும், எதை மறைக்கிறார், எதைத் தப்பாக நம்பிக்கொண்டிருக்கிறார். குழுவினர் கோட்டைவிடுவது மூன்றாவதில்தான். சத்திரத்து அம்மா உங்களிடம் சொன்னது பொய் அல்ல. அவர் பார்த்ததை மனதாரச் சொன்னார். இருட்டில் பார்த்தார், அவ்வளவுதான்.

கப்பம் போய்ச் சேராவிட்டால் யாருக்கு லாபம், சுவடி வெளியே வந்தால் யாருக்கு நஷ்டம், பாளையக்காரர் இன்று ராத்திரி கண்ணை மூடினால் சாவிக்கொத்து யார் இடுப்புக்குப் போகும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மூன்று பதிலிலும் ஒரே பெயர் வந்தால் சந்தேகப்படுங்கள். அந்த ஆள்மேல் மட்டும் அல்ல, அவர் பெயர் அத்தனை சுலபமாக உங்கள் கண்ணில் படும்படி வைத்தவர் மேலும்.

என் ஆள் ரகசியமா தளவாய்க்கு உளவு பாத்தா என்ன? செம ட்விஸ்டா இருக்குமே.

இருக்கும், எல்லோருக்கும் அது பிடிக்கும் என்றால். முதல் நாளே மேசையில் பொதுவாக ஒரு கேள்வி கேட்பேன்: நமக்குள் ஒருவர் துரோகியாக இருக்கலாமா? ஒருவர் வேண்டாம் என்றாலும் கிடையாது. எல்லோரும் சம்மதித்தால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள். துரோகத்துக்கு ஒரு காரணம் வேண்டும். தங்கை தளவாயின் அரண்மனையில் வேலை பார்க்கிறாள், பழைய குற்றம் ஒன்று அவருக்குத் தெரியும், இப்படி. சும்மா சக ஆட்டக்காரர் பையிலிருந்து திருடிவிட்டு "என் கேரக்டர் அப்படித்தான்" என்கிறவர்களுக்கு எங்கள் மேசையில் இடமில்லை. அந்தக் கேரக்டரை உருவாக்கியது நீங்கள்தானே.

நாங்க தப்பான ஆளைப் பிடிச்சுட்டா சொல்லுவீங்களா?

மாட்டேன். ஊர் சொல்லும். காணாமல் போன அன்று ராத்திரி என்ன நடந்தது, நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் அடுத்தடுத்த நாட்களில் யார் என்ன செய்வார் என்று ஒரு கால அட்டவணை என்னிடம் இருக்கிறது. நீங்கள் சுங்க அதிகாரியைச் சிறையில் போட்டால் அவர் அனுப்ப வேண்டிய ஓலை கீழே போகாது. ஓலை வராவிட்டால் சமவெளியிலிருந்து குதிரைகள் கிளம்பும். இரண்டு ராத்திரி கழித்து மலைப்பாதையில் தீவட்டிகள் தெரியும்போது தப்பு எங்கே என்று நீங்களே பேசிக்கொள்வீர்கள். அதற்குப் பிறகும் கதை உண்டு, கொஞ்சம் விலை கூடியிருக்கும். பகடை பற்றிச் சொன்ன அதே சட்டம்தான்.

ஒரு வாரம் வர முடியலைன்னா என் ஆள் செத்துருவானா?

மாட்டான். காய்ச்சலில் சத்திரத்தில் படுத்திருப்பான், கஷாயம் கொடுப்பார்கள். கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் பாதியில் எழுந்து போனாலும் இதே ஏற்பாடு. ஏப்ரல், மே சீசனில் நம்மில் பாதிப் பேருக்கு ஓட்டல், டாக்ஸி என்று வேலை தலைக்கு மேல் இருப்பதால் அப்போது ஆட்டமே கிடையாது.

நானே எங்க ஊர்ல இப்படி ஒரு கதை நடத்தணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

முதலில் அந்த ராத்திரி நடந்ததை ஒரே பக்கத்தில் எழுதுங்கள், ஒளிவுமறைவு இல்லாமல். யார், ஏன், எந்த வழியாக, யார் பார்த்தார்கள். அது நாலு பேருக்காவது லாபமோ நஷ்டமோ தர வேண்டும். பிறகு ஆட்களுக்கு மூன்று மூன்று வரி, உண்மைகளுக்கு மூன்று மூன்று வழி. முடிவை எழுத வேண்டாம். அதை ஆட்டக்காரர்கள் எழுதுவார்கள், உங்கள் பேனாவைக் கேட்காமலே.

கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒரே ஒரு பொருளாவது செய்யுங்கள். கணக்கரின் கடைசிக் கடிதத்தை நான் சாதாரணத் தாளில் எழுதி, டீ டிகாஷனில் நனைத்து, விறகடுப்புக்கு மேல் கொடியில் காயவைத்தேன். மேசையில் வைத்ததும் ஒருவர் அதைப் படிப்பதற்கு முன் மூக்கில் வைத்துப் பார்த்து, "இது புகைப் பரண்ல இருந்த கடுதாசி" என்றார். எழுத்தில் நான் வைத்திருந்த குறிப்பை யாரும் இன்றுவரை கவனிக்கவில்லை. பகடை வாங்கும்வரை என்னிடம் ஒரு செட் கூடுதலாக இருக்கிறது, எடுத்துக்கொண்டு போகலாம். எட்டு முகப் பகடை மட்டும் ஏற்கெனவே யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.